புற்றுநோய் தொடை எலும்பில் இறங்கினால்: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்து, மருந்தெல்லாம் முடித்து, சில வருடங்களாக வீடு வயல் என்று திரிந்த அம்மா ஒருவர் "தொடை நோகுது பிள்ளை" என்கிறார். வீட்டில் எண்ணெய் பூசுகிறார்கள், கடையில் பனடோல் வாங்கிக் கொடுக்கிறார்கள். பிறகொரு நாள் கிணற்றுக்கட்டால் இறங்கும்போது கால் மடங்கிப் போகிறது. "விழுந்து உடைஞ்சு போச்சு" என்று சொல்லித்தான் வாட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பெரும்பாலும் நடந்தது மறுவளம். எலும்பு முதலில் உடைந்தது, அதனால் விழுந்தார்.

எலும்பு முறிவு வாட்டில் தாதி வேலை பார்த்த எவருக்கும் இது பழகிய கதை. முதன்முறையாக இதற்குள் அகப்பட்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். டொக்டர் ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போவதை விளங்கிக்கொள்ள உதவும் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்; முடிவெடுப்பது உங்கள் நோயாளியைப் பார்க்கும் வைத்தியரோடு இருந்துதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கான்சர் எலும்புக்கு வந்திட்டுது, இனி ஏன் வெட்டுக்கொத்து" என்று உறவுக்காரர் ஒருவராவது வந்து சொல்லுவார். இந்த ஒப்பரேஷன் புற்றுநோயை மாற்றுவதற்கென்று செய்வதில்லை. நோவைக் குறைக்கவும், ஆளை எழுப்பி இருத்தவும், முடிந்தால் நடக்க வைக்கவும் செய்வது. உடைந்த தொடையோடு ஒப்பரேஷன் இல்லாமல் கிடப்பவருக்குப் பக்கம் திரும்பவே உயிர் போகும். அந்தக் கிடையை ஒருமுறை கண்டவர் இப்படிக் கேட்கமாட்டார்.

ஏன் உடைகிறது

உடம்பில் வேறோரிடத்தில் தொடங்கிய புற்றுநோயின் கலங்கள் இரத்தத்தோடு போய் என்பு மச்சையில் (எலும்பின் உள்ளே இருக்கும் மெதுவான பகுதி) தங்கி வளர்வதுண்டு. மார்பகம், சுவாசப்பை, சிறுநீரகம், தைரொயிட், ஆண்களுக்கு புரஸ்டேற் ஆகிய ஐந்தும் இதற்குப் பேர்போனவை. மைலோமா என்ற இரத்தப் புற்றுநோயும் எலும்பை அரிக்கும். வெற்றிலை புகையிலையால் எங்கள் பக்கம் நிறையக் காண்கிற வாய்ப் புற்றுநோய் கழுத்து நெறிகளுக்குத்தான் பெரும்பாலும் பரவும். தொடை எலும்பு வரைக்கும் வருவது அரிது.

நீண்ட எலும்புகளில் இந்தத் தொல்லைக்கு அதிகம் அகப்படுவது தொடை எலும்பு, அதிலும் இடுப்பை அண்டிய மேற்பகுதி. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் நிறையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அந்த இடத்தில் ஏறுகிறது. கறையான் உள்ளே தின்ற பனங்கப்பு வெளியில் முழுதாகத்தான் தெரியும். கூரைப் பாரம் ஏறுகிற அன்றைக்கு முறியும்.

சாதாரணமாக உடைந்த தொடை எலும்பு சில மாதங்களில் பொருந்திவிடும். புற்றுநோய் அரித்த இடத்தில் உடைந்தது பெரும்பாலும் பொருந்தாது. மைலோமா, மார்பகம் என்றால் பொருந்த ஓரளவு வாய்ப்புண்டு. சுவாசப்பை என்றால் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பாரம் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் கிடத்திப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. உள்ளே வைக்கும் கம்பியோ செயற்கை மூட்டோதான் அந்தக் காலின் பாரத்தை எடுக்கவேண்டும், அதுவும் நோயாளியின் காலம் முழுவதும்.

உடைய முதல் பிடிக்க வழி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

புற்றுநோய் முன்பு இருந்தவரோ இப்போது மருந்து எடுப்பவரோ தொடை, கவட்டுப்பகுதி, முழங்கால் ஏதாவது நோகுது என்று ஒரு வாரத்துக்கு மேல் சொன்னால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். முழங்காலைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்காலில் நோவாகத் தெரிவது வழக்கம். முழங்காலை மட்டும் படம் எடுத்து "ஒண்டும் இல்லை, தேய்வு" என்று திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எப்படிப்பட்ட நோவு என்று கவனியுங்கள். இரவில் படுக்கையிலும் விடாமல் நோவது ஒரு அடையாளம். அதைவிட அவசரமானது பாரம் வைக்கும்போது வரும் நோ: கதிரையால் எழும்பும்போது, சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கும்போது, படியில் கால் வைக்கும்போது குத்தென்று பிடித்து, இருந்தால் விடும். எலும்பு தாங்கமாட்டேன் என்று சொல்கிற நோ அது. இந்த நோ உள்ளவர் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்கக் கூடாது.

ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "இவருக்கு இன்ன புற்றுநோய் இருந்தது, தொடை நோகுது, எலும்புக்கு வந்திருக்குமோ என்று பயப்படுகிறோம்." கிளினிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடை எலும்பு முழுவதையும் இரண்டு பக்கமாக எடுக்கும் படம் தேவை. ஒரே எலும்பில் இரண்டு மூன்று இடத்தில் அரிப்பு இருக்கக்கூடும். மேலே கம்பி வைத்து, கீழே இருந்ததைக் காணாமல் விட்டால் கம்பி முடிகிற இடத்தில் உடையும். எலும்பின் கனிமத்தில் பாதியளவு போனபிறகுதான் சில அரிப்புகள் எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், படம் நல்லதாக இருந்தும் நோ விடவில்லையென்றால் சிடி அல்லது எம்.ஆர்.ஐ பற்றிக் கேளுங்கள்.

உடையுமா உடையாதா என்று டொக்டர்கள் எப்படிக் கணிக்கிறார்கள்? 1989இல் மிரெல்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வெளியிட்ட புள்ளிக் கணக்கு இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. அரிப்பு எந்த இடத்தில், நோ எவ்வளவு, எலும்பு கரைந்திருக்கிறதா அல்லது கெட்டியாகியிருக்கிறதா, எலும்பின் அகலத்தில் எத்தனை பங்கு போயிருக்கிறது என்ற நான்குக்கும் ஒவ்வொன்றுக்கு 1 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 12. 9 அல்லது அதற்கு மேலென்றால் உடைய முன்னமே கம்பி வைப்பது நல்லது. 7 அல்லது குறைவென்றால் கதிர்ச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம். 8 என்றால் டொக்டரின் அனுபவம்தான் தீர்மானிக்கும். இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு வளைகிற இடம், பாரம் வைக்க நோ, கரைந்த எலும்பு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அரிப்பு என்ற நான்கும் சேர்ந்தவருக்கு 12. அவரை நடந்து வாட்டுக்குப் போகச் சொல்லக்கூடாது, தள்ளுவண்டியில் கொண்டுபோகவேண்டும்.

உடைய முதல் செய்தால் இரத்தம் குறைவாகப் போகும், வாட்டில் நிற்கும் நாட்கள் குறையும், ஆள் கெதியில் நடப்பார். திகதி கிடைக்கும்வரை அந்தக் காலில் பாரம் வேண்டாம். சைக்கிள், தண்ணீர்க்குடம், குந்தியிருத்தல் மூன்றையும் நிறுத்துங்கள்.

உடைந்துவிட்டால்

எழுப்பி நிறுத்திப் பார்க்காதீர்கள். காலை இழுத்து நேராக்கவும் வேண்டாம். கிடந்த கிடையில் காலுக்குக் கீழும் இரு பக்கமும் தலையணையோ மடித்த சாரமோ வைத்து, நல்ல காலோடு சேர்த்து, நோகிற இடத்தை விட்டு மேலும் கீழும் அகலத் துணியால் கட்டுங்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோவது உடைந்த எலும்பின் முனையைச் சதைக்குள் குத்தவிடுகிற வேலை. மழைக்காலத்தில் உள் வீதிக்கு அம்புலன்ஸ் வரமுடியாவிட்டால், கதவுப் பலகையிலோ வாங்கிலோ கிடத்தி, லான்ட்மாஸ்டர் பெட்டியில் மெத்தை போட்டு, தார் வீதி வரைக்கும் மெல்லக் கொண்டுவாருங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது எங்கள் ஊர்ப் பழக்கம். கை சுளுக்குக்கும் சின்ன நெரிவுக்கும் போகிறவர்களை நான் மறிப்பதில்லை. புற்றுநோய் வந்த உடம்பில் உடைந்த தொடையைத் தடவி, இழுத்து, புக்கை கட்டுவது வேறு கதை. பொருந்தாத எலும்பைப் பொருந்தும் என்று நம்பி நாட்களைப் போக்கடிக்கிறோம், அதற்குள் படுக்கைப்புண் வந்துவிடும்.

கையோடு கொண்டுபோகவேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பயொப்சி (கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட், முன்பு துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டபோது தந்த டயக்னோசிஸ் கார்ட், கதிர் கொடுத்த விவரம், இப்போது குடிக்கிற குளிசைகள் பெட்டியோடு. இரத்தத்தை இளக்கும் குளிசை (அஸ்பிரின், குளோப்பிடோகிறல், வோபரின்), மார்பகப் புற்றுநோய்க்குக் குடிக்கும் தமொக்சிபன், கடைசியாகக் கீமோ ஏற்றிய திகதி, நாட்டு மருந்து எதுவென்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இடம்பெயர்வில் பழைய கொப்பிகள் தொலைந்த வீடுகள் இங்கே அதிகம். தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றிருந்தால் கிளினிக் இலக்கம் ஒன்று இருக்கும். அதையாவது தேடி எடுங்கள், மிச்சத்தை அங்கிருந்து கேட்டு எடுக்கலாம்.

எங்கே மாற்றுவார்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போனாலும், இந்த ஒப்பரேஷனுக்கு எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணரும் தேவையான கம்பியும் இரத்தமும் உள்ள இடத்துக்குத்தான் மாற்றுவார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அல்லது வவுனியா. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியே யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். ஏற்றுவதற்கு முன் நோவுக்கு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது தவறில்லை. அனுராதபுரத்துக்கோ மகரகமவுக்கோ போகவேண்டி வந்தால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். கையெழுத்து வைக்கும் தாளில் என்ன இருக்கிறதென்று நோயாளிக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வாட்டில் காத்திருக்கும் நாட்கள்

"கொண்டுவந்து மூண்டு நாள், இன்னும் ஒண்டும் செய்யேல்லை" என்று கோபப்படாத குடும்பம் இல்லை. சில தாமதம் உண்மையிலேயே தியேட்டர் நேரம் கிடைக்காததால்தான். ஆனால் இந்த முறிவை அன்றிரவே செய்தாகவேண்டும் என்றில்லை. அவசரப்பட்டுச் செய்தால் கெடுதி வரக்கூடிய இடங்களும் இருக்கின்றன.

முதலாவது, இது உண்மையில் பரவிய புற்றுநோய்தானா என்பது. முன்பு புற்றுநோயே இல்லாதவருக்கும், இருந்து பல வருடம் சுகமாக இருந்தவருக்கும் ஒரே ஓர் இடத்தில் அரிப்பு கண்டால், அது எலும்பிலேயே தொடங்கிய வேறு புற்றுநோயாக இருக்கலாம். பயொப்சி எடுக்காமல் அதற்குள் நீளக் கம்பியை இறக்கினால் ஓரிடத்தில் இருந்த கட்டியை எலும்பு முழுவதும் பரப்பிவிட்டதாகும். காலைக் காப்பாற்றும் வாய்ப்பும் போகலாம். பயொப்சி முடிவுக்காகக் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

இரண்டாவது, இரத்தத்தில் கல்சியம். எலும்பு கரையும்போது கல்சியம் கூடும். ஆள் அடங்காத தாகம் என்பார், மலம் போகாது, வாந்தி வரும், பகலிலும் நித்திரை கொள்வார், பேச்சுத் தடுமாறும். "நோவில குழம்பிப்போனார்" என்று விட்டுவிடாமல் மிஸ்ஸிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். சேலைனும் ஊசியும் கொடுத்துக் குறைக்காமல் மயக்கம் கொடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, சிறுநீரகத்திலிருந்தோ தைரொயிட்டிலிருந்தோ வந்ததென்றால், வெட்டும்போது இரத்தம் ஆறாய் ஓடும். அதற்கு முதல் நாள் அந்த இடத்துக்குப் போகும் இரத்தக் குழாயை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சை வசதியுள்ள இடத்தில் செய்வார்கள். அப்படி ஒரு இடத்துக்கு அனுப்புவதால் பிந்தினால் அது நல்லதற்கே.

வன்னிக்காரருக்கு மட்டும் ஒரு சேதி. 2009க்கு முன் உடம்பில் பட்ட செல் துண்டு உள்ளேயே கிடப்பவர்கள் எத்தனையோ பேர். எம்.ஆர்.ஐ எடுக்க முதல் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம், இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண், தலை, முள்ளந்தண்டுப் பக்கம் துண்டிருந்தால் இன்னும் கவனம். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறதென்று பார்த்தே முடிவெடுப்பார்கள். அதே தொடையில் அந்த நேரம் வைத்த பழைய கம்பி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது எந்தப் பக்கத்தால் வெட்டுவது, என்ன கம்பி பொருந்தும் என்பதையே மாற்றிவிடும்.

காத்திருக்கும் நாட்களில் பக்கத்தில் நிற்பவருக்கு வேலை இருக்கிறது. காலில் பாரம் தொங்கவிட்டிருந்தால் அந்தப் பாரம் நிலத்திலோ கட்டில் சட்டத்திலோ முட்டாமல் பாருங்கள். குதிக்கால் கட்டிலில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துவாய் வையுங்கள். பெட்பான் வைக்கும்போது நோயாளியை நோகிற பக்கம் உருட்டவேண்டாம்: தலைக்கு மேலுள்ள பிடியையோ கட்டில் சட்டத்தையோ பிடித்து, நல்ல காலை மடக்கி ஊன்றி, இடுப்பைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள், அந்த ஒரு நொடியில் ஒருவர் உடைந்த காலை அசையாமல் பிடிக்க, மற்றவர் பெட்பானைத் தள்ளவேண்டும். இருவர் இல்லாமல் இதைச் செய்ய வெளிக்கிடாதீர்கள். நாளுக்குப் பலமுறை ஆழமாக மூச்செடுத்து இருமச் செய்யுங்கள். கிடையில் கிடப்பவருக்குச் சளி பிடித்தால் ஒப்பரேஷன் தள்ளிப்போகும்.

மோர்பின் என்றால் பயப்படுகிறவர்கள் உண்டு. நோவுக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் மோர்பினால் ஆள் அடிமையாவதில்லை, சாவு கெதியில் வருவதுமில்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். முதல் நாளே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

எந்த ஒப்பரேஷன்

எலும்பின் நடுத்தண்டிலோ, மேலே வளைகிற இடத்திலோ அரிப்பென்றால் பெரும்பாலும் மச்சைக் குழிக்குள் நீளக் கம்பி இறக்குவார்கள். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கிட்ட வரைக்கும் போகும். மேலே எலும்பின் கழுத்துக்குள் ஏறும் ஸ்குறூவும், கீழே குறுக்கு ஸ்குறூக்களும் அதைப் பிடிக்கும். தோலில் சில சின்ன வெட்டுகள்தான் தெரியும். பெரிய பொந்து என்றால் கட்டியைச் சுரண்டி எடுத்து எலும்புச் சீமெந்து நிரப்பி, கம்பியோ பிளேட்டோ வைப்பார்கள்.

எலும்பின் தலையோ கழுத்தோ போயிருந்தால் அதைப் பிடித்துக் கட்ட நல்ல எலும்பு இருக்காது. மாற்றி உலோக மூட்டு வைப்பார்கள். மேற்பகுதி முழுதும் கரைந்திருந்தால் அந்தத் துண்டையே எடுத்துவிட்டுப் பெரிய செயற்கை எலும்பு வைப்பதுண்டு. இது எல்லா இடத்திலும் செய்வதில்லை.

ஆபத்தையும் மறைக்கவில்லை. கம்பியை இறக்கும்போதும் சீமெந்து நிரப்பும்போதும் மச்சையிலுள்ள கொழுப்பும் கட்டியின் துணுக்கும் இரத்தத்தில் ஏறி சுவாசப்பைக்குப் போகலாம். மயக்க மருந்து டொக்டர் மிகவும் கவனமாக நிற்கும் கட்டம் அது. சுவாசப்பையில் ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு இந்த ஆபத்து கூட. இரத்தம் போதல், கிருமி தொற்றல், காலில் இரத்தம் கட்டுதல் என்பன மற்றவை.

செய்வதா, விடுவதா

ஒப்பரேஷனால் வரும் நோவும் களைப்பும் ஆறுவதற்கு எடுக்கும் காலத்தைவிட ஆயுள் கூட இருக்குமா என்பதுதான் டொக்டர்கள் மனதில் ஓடும் கணக்கு. சில கிழமைகளுக்கு மேல் இருப்பார் என்று கண்டால், மயக்கத்தைத் தாங்குவார் என்றால், செய்வதே நல்லதென்று பெரும்பாலானோர் நினைப்பார்கள். நானும் அப்படித்தான். நோயாளி முன்பே கட்டிலோடு கிடந்தவர் என்றாலும் புரட்டிக் கழுவும்போது வரும் நோவுக்காகச் செய்வதுண்டு. கடைசிக் கட்டத்தில் உள்ளவருக்கு வெட்டாமல், நரம்பை விறைக்கச் செய்யும் ஊசி, மோர்பின், கதிர் என்று நோவை அடக்கும் வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கிற குடும்பம் ஆளைக் கைவிட்டதாக யாரும் நினைக்கக்கூடாது.

டொக்டரிடம் கேட்கவேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது எந்தப் புற்றுநோய், வேறெங்கும் பரவியிருக்கிறதா? என்ன வைக்கப் போகிறீர்கள், மறுநாளே பாரம் வைக்கலாமா? மற்றத் தொடையையும் கைகளையும் படம் எடுத்தாயிற்றா? கீமோவை எப்போது திரும்பத் தொடங்குவது? கம்பியோ மூட்டோ ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, நாங்கள் வெளியில் வாங்கவேண்டி வருமா? அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், என்றாலும் கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். வாங்கவேண்டும் என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கும் வழியைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், ஒப்பரேஷனுக்கு முதலே.

இனி எங்கள் வீடுகளின் பெரிய சிக்கல். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்" என்று வாசலிலேயே மறித்துவிடுகிறோம். அப்பாவோ புற்றுநோய் வாட்டில் கிடந்து, கீமோ ஏற்றி, முடி கொட்டி வந்தவர். அவருக்குத் தெரியாதென்று நினைப்பது எங்கள் ஆறுதலுக்குத்தான். கையெழுத்து வைக்கவேண்டியவர் அவர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவேண்டாம். "அப்பா, எலும்பில நோய் இறங்கியிருக்காம், அதாலதான் உடைஞ்சது. கம்பி வைச்சா எழும்பி இருக்கலாமாம், நோயை அது மாத்தாதாம். நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று மகனோ மகளோ கேட்டால் போதும். மிச்சத்தை அவரே கேட்பார், அல்லது கேட்காமல் விடுவார். இரண்டும் அவர் உரிமை.

தியேட்டரால் வந்த பிறகு

பொதுவாக மறுநாளே கட்டிலில் இருத்தி, வோக்கரோடு எழுப்புவார்கள். இப்போதுதானே வெட்டினது, கிடக்கட்டும் என்று பிசியோவைத் தடுக்கும் உறவினரைப் பார்த்திருக்கிறேன். இருத்தி எழுப்புவதற்காகத்தானே இவ்வளவும் செய்தது. எழும்ப முதல் அரை மணித்தியாலம் இருக்க நோக்குளிசை கொடுக்கும்படி கேளுங்கள். முதல் தடவை தலை சுற்றும். எழுப்பி உடனே நடத்தாமல் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் இருத்துங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது வெட்டின கால் முதல்.

புற்றுநோயும் முறிவும் ஒப்பரேஷனும் சேர்ந்தால் காலில் இரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம். வயிற்றுத் தோலில் போடும் சின்ன ஊசி அதற்குத்தான். வீட்டுக்கு வந்தபிறகும் சில கிழமை தொடரச் சொல்வார்கள். போடும் விதத்தை மிஸ்ஸிடம் பழகிக்கொண்டே வெளிக்கிடுங்கள்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

ஆள் வர முதல் செய்யவேண்டிய வேலை இது. பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். இருந்தால் முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கவேண்டும். தாழ்ந்த கட்டிலென்றால் நான்கு காலுக்கும் சீமெந்துக் கல் வையுங்கள். மூட்டு மாற்றியவர் தாழ்ந்த கதிரையில் இருக்கவோ, சப்பாணி கட்டவோ, குந்தவோ கூடாது, மூட்டுக் கழன்றுவிடும். சாய்மனைக் கதிரையும் அவருக்கு ஆகாது. கம்பி மட்டும் வைத்தவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்காது. துண்டு வெட்டும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் மலசலகூடம் தனியாக வளவுக்குள் இருக்கும், குந்தியிருக்கும் கோப்பை. அதன் மேல் வைக்கும் கொமோட் கதிரை கிடைத்தால் நல்லது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிப் பாவிப்பவர்கள் உண்டு. ஈரத் தரையில் அதன் கால்கள் அகன்று சறுக்கும், பாரமான ஆளுக்கு வேண்டாம்.

வோக்கர் வாட்டுத் தரையில் நன்றாக ஓடும். வீட்டு முற்றத்து மணலில் கால் வைத்ததும் அதன் ரப்பர் முனை புதையும். இழுத்தெடுக்கும்போது ஆள் பின்னால் சாய்வார். வீட்டு வாசலிலிருந்து மலசலகூடம் வரைக்கும் பலகையோ சீமெந்துக் கல்லோ அசையாமல் பதித்துப் பாதை போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அது பாசி பிடிக்கும், அடிக்கடி தேய்த்துக் கழுவவேண்டும். இரவுக்குப் பெட்பானோ போத்தலோ கட்டிலடியில் இருக்கட்டும்; இருட்டில் அந்தப் பாதை வேண்டாம். குளிப்பு கிணற்றடியில் இல்லை, கதிரையில் இருத்தி வாளித் தண்ணீர். தையல் பிரிக்கும்வரை காயம் நனையக்கூடாது. பொதுவாக இரண்டு கிழமையில் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பிரிக்கலாம்.

கதிரும் எலும்பு ஊசியும்

கம்பி வைத்ததோடு அலுவல் முடிந்ததென்று கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் பலர். கம்பியைச் சுற்றி நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். மிச்ச எலும்பையும் தின்றால் கம்பி தளரும். அதனால் காயம் ஆறியபின், வழக்கமாக இரண்டு முதல் நான்கு கிழமைக்குள், கதிர் கொடுப்பார்கள். ஒரே நாளில் முடிவதும் உண்டு, ஐந்து அல்லது பத்து நாள் கொடுப்பதும் உண்டு. வன்னியிலிருந்து தினமும் தெல்லிப்பழைக்குப் போய்வருவது கஷ்டமென்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். நோவுக்கு ஒருநாள் கதிரும் பலநாள் கதிரும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். ஒப்பரேஷனுக்குப் பிறகு எது பொருந்தும் என்று அவர் சொல்வார்.

எலும்பைக் கெட்டியாக்க சோலிட்ரோனிக் அசிட் என்ற மருந்தைச் சேலைனில் ஏற்றுவார்கள். தொடங்க முதல் பல்லைக் காட்டுங்கள். ஆடுகிற பல், சூத்தைப் பல் இருந்தால் முன்பே பிடுங்கி ஆறவிடவேண்டும். ஊசி தொடங்கியபின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று இரத்தம் பார்த்தே ஒவ்வொரு முறையும் ஏற்றவேண்டும்.

உடனே திரும்பி வரவேண்டியவை

திடீரென்று மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ: தாமதிக்காமல் 1990. ஒரு கெண்டைக்கால் வீங்கி இறுகி நோதல், காயத்திலிருந்து சீழ், காய்ச்சல் (கீமோ எடுப்பவருக்கு எந்தக் காய்ச்சலும்), தாகமும் தடுமாற்றமும் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு காலும் விறைத்து, சிறுநீர் மலம் அடக்கமுடியாமல் போனால் அது முள்ளந்தண்டில் அமுக்கம்; மணித்தியாலக் கணக்கில் ஓடவேண்டிய விஷயம்.

நடந்துகொண்டிருந்தவருக்கு மாதங்கள் கழித்து அதே தொடையில் பாரம் வைக்க நோ தொடங்கினால், கம்பி தளர்கிறதோ முறிகிறதோ என்று பார்க்கவேண்டும். பொருந்தாத எலும்பில் கம்பி களைத்து முறிவது நடக்கிறதுதான். பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. வோக்கரும் ஊன்றுகோலும் பாவிப்பவரின் பாரம் கைகளில் ஏறுவதால் மேற்கை நோகுது என்று அவர் சொன்னால், ஊன்றுகோலை நிறுத்தி, கையையும் படம் எடுக்கும்வரை சக்கர நாற்காலியில் வைத்திருங்கள்.